சீட்டு எழுதும் முன் ஒரு சிலைடு: வெள்ளைப்படுதலுக்கு மருந்து தரும் மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். பெண்களிடம் எடுத்து நீங்கள் அனுப்பும் பிறப்புறுப்புக் கசிவு மாதிரிகளைச் சிலைடில் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்து, முடிவு எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. இத்தனை காலமும் உங்களோடு அந்த முடிவுத் தாள் வழியாகத்தான் பேசி வருகிறேன். அதில் நாலு வரிக்கு மேல் எழுத இடம் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்படுகிறது என்று வரும் பெண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதும் முன், அது எதனால் வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதே பெண் அதே தொந்தரவோடு திரும்பி வந்தால், அதே சீட்டைத் திரும்ப எழுதாதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, படித்துத் தேறிய பாடம்தான். ஆனால் என் மேசைக்கு வரும் மாதிரிகள் வேறு கதை சொல்கின்றன. பெரும்பாலும் கூட வரும் சீட்டில், ‘பல முறை மருந்து கொடுத்தும் குணமில்லை’ என்று இருக்கும். மருந்து முதலில் போய்விட்டது. பரிசோதனை கடைசியில் வந்து நிற்கிறது. அதற்குள் அந்தப் பெண் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இன்னொன்று என்று விழுங்கி முடித்திருப்பார். அந்த நேரத்தில் எடுத்த மாதிரியில் எனக்கும் தெளிவாக எதுவும் தெரியாது. மருந்து பாதி கலைத்துப் போட்டதைத்தான் பார்க்க முடியும்.

நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் பலர் கல்லூரியை விட்ட பிறகு இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆரோக்கியமான பெண்ணின் மாதிரியில், உட்சுவரிலிருந்து உதிர்ந்த செதிள் செல்கள் பெரிதாக, தட்டையாக, ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாகக் கிடக்கும். சுற்றிலும் நீளமான குச்சிகளாக லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள். 1892ல் ஜெர்மனியின் டோடர்லைன் விவரித்தது இந்தக் குச்சிகளைத்தான். இவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பிஎச் அளவை (அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5க்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன. வேண்டாத கிருமிகள் பெருகாமல் இருப்பதற்கு அந்தப் புளிப்புதான் முக்கியக் காரணம்.

இந்தக் குச்சிகள் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும் நோய்தான் பாக்டீரியல் வஜைனோசிஸ் (இனி பி.வி. என்றே சொல்கிறேன்). அது வந்தவரின் சிலைடில் அந்தக் குச்சிகளைத் தேட வேண்டியிருக்கும். செதிள் செல்லின் மேல் பொடிப்பொடியான பாக்டீரியாக்கள் அப்பிக் கிடக்கும்; மணல் தூவிய கண்ணாடி மாதிரி. செல்லின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. க்ளூ செல் என்பது இதைத்தான். சீழணுக்கள் அவ்வளவாக இருக்காது. நிறைய இருந்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியோ, கருப்பை வாயில் வேறு தொற்றோ கூடச் சேர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே சிலைடைப் பார்த்துவிடலாம்.

இது ஒற்றைக் கிருமியின் வேலை அல்ல என்பதுதான் இந்த நோயில் பலரும் தவறவிடும் இடம். 1955ல் கார்ட்னரும் டியூக்ஸும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, காரணம் இதுதான் என்றார்கள். இன்று அதன் பெயர் கார்ட்னரெல்லா. அவர்கள் அப்போது செய்த காரியத்தை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்தக் கிருமியைத் தனியாக வளர்த்து நோயில்லாத பெண்களின் உடலில் செலுத்திப் பார்த்தார்கள். நோய் அரிதாகத்தான் வந்தது. நோயுள்ள பெண்ணின் கசிவையே எடுத்துச் செலுத்தியபோது பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. அந்த முடிவே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கார்ட்னரெல்லா, ப்ரிவோடெல்லா, மோபிலங்கஸ், அடோபோபியம் என்று ஒரு கூட்டமே சேர்ந்து லாக்டோபேசில்லஸ் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பி.வி.

இதனால்தான் நீங்கள் அனுப்பும் ‘கல்ச்சர் அண்டு சென்சிடிவிட்டி’ சீட்டைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பி.வி.யைக் கண்டுபிடிக்க கல்ச்சர், அதாவது மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது, உதவாது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் கணிசமானவர்களிடம்கூட கார்ட்னரெல்லா வளரும். அது போக ஈ.கோலை வளரும், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளரும். இவை அங்கே சும்மா தங்கிப் போகிறவையாகவும் இருக்கலாம். ஆனால் கல்ச்சர் கேட்டால் வளர்ந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது கட்டுப்படும் என்ற பட்டியலும் கூடவே போகும். அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் மருந்து அந்தப் பெண்ணுக்குப் போகிறது. அவருடைய உண்மையான நோய் தொடப்படாமலே இருக்கிறது, மிச்சமிருந்த லாக்டோபேசில்லஸும் போய்விடுகிறது. பத்து நாள் கழித்துப் பூஞ்சைத் தொற்றோடு வந்து நிற்கிறார். நாங்கள் எழுதிய முடிவு பொய்யில்லை, கேட்ட கேள்விதான் சரியில்லை.

சரி, எந்தச் சோதனை வேண்டும்? ஆம்செல் குழு 1983ல் சொன்ன நான்கு அடையாளங்கள் இன்றும் போதுமானவை. மெல்லிய, ஒரே சீரான, சுவரில் பூசினாற்போல ஒட்டும் கசிவு. 4.5க்கு மேல் பிஎச். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டதும் எழும் மீன் வாடை. சிலைடில் க்ளூ செல்கள். இவற்றில் மூன்று இருந்தால் பி.வி. என்று எழுதிக்கொள்ளலாம். பிஎச் தாளும் அந்தக் கரைசல் புட்டியும் மேசை இழுப்பறையில் அடங்கிவிடும். சோதனை அறையில் அந்தப் பெண் இருக்கும்போதே விடை கிடைத்துவிடும்.

பிஎச் தாளில் ஒரு சின்னக் கவனம் வேண்டும். பக்கச் சுவரிலிருந்து எடுங்கள், கருப்பை வாயிலிருந்து வேண்டாம். அங்குள்ள சளியின் பிஎச் இயல்பாகவே அதிகம். மாதவிடாய் ரத்தமோ விந்தோ கலந்திருந்தாலும் தாள் நிறம் மாறி ஏமாற்றும். உள்ளே பார்ப்பதற்கு வைக்கும் ஸ்பெகுலம் கருவியில் தடவிய ஜெல்லும் அப்படித்தான்.

பிஎச் சரியாக இருந்து, அரிப்பும் எரிச்சலும் தயிர்த் திப்பி போன்ற கசிவும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால் எரிகிற இடத்தில் இன்னும் எரியும். பிஎச் அதிகமாகி, நுரைத்த கசிவும் சிவந்த சுவரும் இருந்தால் ட்ரைக்கோமோனஸைத் தேட வேண்டும். அது சிலைடில் துள்ளி ஓடும் ஒட்டுண்ணி. மாதிரி ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும், அப்புறம் சீழணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். மாதிரியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மதியம் மற்ற ரத்தக் குழாய்களோடு சேர்த்து அனுப்பினால், ட்ரைக்கோமோனஸ் இல்லை என்று நான் எழுதும் வரிக்கு மதிப்பே கிடையாது. எழுதத்தான் செய்கிறேன். நீங்களும் நம்பத்தான் செய்கிறீர்கள்.

நுண்ணோக்கி இல்லாத கிளினிக்கில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கசிவை ஒரு சிலைடில் மெல்லியதாக உருட்டித் தேய்த்து, காற்றில் உலரவிட்டு அனுப்புங்கள். உலர்ந்த சிலைடு சில நாள் தாங்கும். நாங்கள் கிராம் சாயம் ஏற்றி, நியூஜென்ட் முறையில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டுத் தருவோம். ஏழும் அதற்கு மேலும் என்றால் பி.வி. மூன்று வரை இயல்பு. இடையில் உள்ள நாலு, ஐந்து, ஆறுதான் தலைவலி. அங்கே நீங்கள் பார்த்த அடையாளங்களையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

பி.வி. அரிய நோய் ஒன்றும் இல்லை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 23 முதல் 29 சதவீதம் பேரிடம் இருப்பதாக உலக அளவிலான கணக்குகள் சொல்கின்றன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இது இருக்கும்போது எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா எல்லாம் தொற்றுவது எளிதாகிறது. கருவுற்றிருந்தால் குறைப்பிரசவத்தோடும் தொடர்பு இருக்கிறது. இவ்வளவு பரவலான ஒன்றை ஊகத்தில் விடுவது எனக்குப் புரியவில்லை.

ஊகத்துக்குத் துணையாக வந்ததுதான் ஒரே அட்டையில் மூன்று மருந்து என்ற ஏற்பாடு: பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், பாக்டீரியாவுக்கு செக்னிடசோல், அதோடு அசித்ரோமைசின். ஏதாவது ஒன்று பட்டுவிடும் என்ற நம்பிக்கை. ஆய்வகமே எட்டாத இடங்களுக்காக, அறிகுறிகளை மட்டும் வைத்துச் சிகிச்சை தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது உண்மைதான்; அந்த இடங்களில் அது தேவைதான். ஆனால் பக்கத்திலேயே ஆய்வகத்தை வைத்துக்கொண்டு அதே வழியில் போவதற்கு என்ன நியாயம்? பி.வி.யில் அசித்ரோமைசினுக்கு வேலையே இல்லை. தேவையில்லாமல் விழுங்கிய ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் குடலிலும் பிறப்புறுப்பிலும் எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளை மிச்சம் வைத்துவிட்டுத்தான் போகிறது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் உங்களுக்குப் பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம். சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவதைச் சொல்கிறேன். பி.வி.க்கு முதல் மருந்து மெட்ரோனிடசோல். 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏழு நாள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 0.75 சதவீத ஜெல், ஐந்து நாள். அல்லது கிளிண்டாமைசின் 2 சதவீத க்ரீம், ஏழு இரவு. 2 கிராம் மெட்ரோனிடசோலை ஒரே வேளையில் கொடுப்பது பலன் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனாலும் சீட்டுகளில் அது இன்னும் நடமாடுகிறது. ஒரே வேளையில் முடிக்க வேண்டும் என்றால் செக்னிடசோல் 2 கிராம் மாற்றாக இருக்கிறது. அது உடலில் மெட்ரோனிடசோலைவிட இரண்டு மடங்கு நேரம் தங்கும்.

மெட்ரோனிடசோலுக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. 1950களின் கடைசியில் ட்ரைக்கோமோனஸுக்கென்றே வந்த மருந்து அது. 1962ல் ஒரு பெண் அதற்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்டபோது, அவருடைய ஈறு அழற்சியும் சேர்ந்து குணமானது. ஷின் என்ற பல் மருத்துவர் அதை லான்செட்டில் எழுதினார். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களை இந்த மருந்து கொல்லும் என்பது வெளியே வந்தது அப்படித்தான். பி.வி.யில் கூடாரம் போடும் கூட்டம் பெரும்பாலும் அதே வகை. லாக்டோபேசில்லஸை மட்டும் இது பெரிதாகத் தொடாது. ஒரு பெண் தன் உடம்பில் நடந்ததைச் சொன்னார், கேட்டவர் காதில் வாங்கினார்.

மாத்திரையைக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாயில் உலோகச் சுவை வரும், குமட்டலாம். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் வாடை போனதும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கிளிண்டாமைசின் க்ரீமில் உள்ள எண்ணெய் லேடக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். மருந்து முடிந்து ஐந்து நாள் வரைக்கும் அதை நம்ப முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி திரும்பி வருகிறவர்களைப் பற்றி. என் மனதை அதிகம் உறுத்துவது இவர்கள்தான். மாதிரி எடுக்க வரும்போது பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: ‘நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?’ சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அந்தச் சுத்தத்தின் பெயரில் உள்ளே தண்ணீர் பீய்ச்சுவார்கள், வாசனைச் சோப்புப் போடுவார்கள், கிருமிநாசினி கலந்து கழுவுவார்கள். உள்ளே கழுவுவதுதான் லாக்டோபேசில்லஸை இன்னும் விரட்டுகிறது. கழுவ வேண்டாம் என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒருவர் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் பாதிதான் ஏறுகிறது.

ஆனால் திரும்பி வருவதற்கு அவர்கள் காரணமில்லை. 2006ல் ஆஸ்திரேலியாவில் ப்ராட்ஷா குழு வெளியிட்ட ஆய்வில், ஏழு நாள் மெட்ரோனிடசோலை முறையாக முடித்தவர்களிலும் 58 சதவீதம் பேருக்கு ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது. செல்களின் மேல் இந்தப் பாக்டீரியாக்கள் பிசின் போன்ற படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. மருந்து அந்தப் படலத்தை முழுசாக உடைப்பதில்லை. மாத்திரை நின்றதும் பழையபடி பெருகிவிடுகின்றன. அது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தைப் பற்றிப் பல காலம் நாம் யாரும் பேசவில்லை. கணவரிடமிருந்தோ துணையிடமிருந்தோ அது திரும்ப வந்துகொண்டிருக்கலாம். முன்பு ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ‘துணைக்குச் சிகிச்சை தேவையில்லை’ என்று பாடப்புத்தகங்களில் அது நிலைத்துவிட்டது. 2025ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. ஒரே துணையோடு வாழும் 164 ஜோடிகள். ஒரு பகுதியினரில் ஆண்களுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பில் தடவ கிளிண்டாமைசின் க்ரீமும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது அந்தப் பகுதியில் 35 சதவீதப் பெண்களுக்கு. பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்த பகுதியில் 63 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். சில நாடுகளில் வழிகாட்டு நெறிகள் இதை ஒட்டி மாறத் தொடங்கிவிட்டன.

எனவே திரும்பி வரும் பெண்ணிடம் இனி ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: உங்கள் துணையும் மருந்து எடுத்துக்கொள்வாரா? இதைக் கேட்கும் விதம் முக்கியம். யாரோ தவறு செய்ததால் வந்தது என்ற தொனி ஒரு துளி கலந்தாலும் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அந்தக் க்ரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கணவரிடம் விளக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். அவரைத் தனியே அந்த வேலைக்கு அனுப்பாமல், முடிந்தால் துணையைக் கூப்பிட்டு நீங்களே பேசுங்கள். பெண்ணோடு பெண் வாழும் இணையிலும் பி.வி. பகிரப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘கணவர்’ என்று கேட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

துணைக்குச் சிகிச்சை சாத்தியமில்லாதபோது மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் இரண்டு முறை, நாலைந்து மாதம் கொடுத்து அடக்கி வைக்கும் முறை இருக்கிறது. நிறுத்திய பிறகு பலருக்குத் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற ஒரு குறிப்பிட்ட வகையை, ஆன்டிபயாடிக் முடிந்த பின் உள்ளே வைத்துப் பார்த்த ஆய்வு 2020ல் வந்தது; பன்னிரண்டாம் வாரத்தில் நோய் திரும்பியவர்கள் 30 சதவீதம், போலி மருந்து எடுத்தவர்களில் 45 சதவீதம். நம்பிக்கை தரும் விஷயம். ஆனால் கடையில் ‘புரோபயாடிக்’ என்று விற்கும் கேப்சூல்கள் எல்லாம் அது இல்லை. விளம்பரத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்காதீர்கள்.

கருவுற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொந்தரவு இருந்தால் தயங்காமல் சிகிச்சை கொடுங்கள், மெட்ரோனிடசோல் கொடுக்கலாம். தொந்தரவே இல்லாத, குறைப்பிரசவ ஆபத்தும் இல்லாத பெண்களை வலிந்து தேடிப் பிடித்து ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பலன் இல்லை. பிரான்சில் நடந்து 2018ல் வெளியான பெரிய ஆய்வு கிளிண்டாமைசினை வைத்து இதைத்தான் காட்டியது. கருவுறாதவர்களிலும் அப்படித்தான். வேறு எதற்கோ எடுத்த பாப் ஸ்மியரில் (கருப்பை வாய்ச் செல் சோதனையில்) க்ளூ செல் என்று ஒரு வரி வந்தால், அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

என் தரப்பில் நான் செய்யக்கூடியது இது. நீங்கள் எந்தச் சோதனை கேட்டாலும், உலர்ந்த சிலைடு ஒன்று கூட வந்தால் நியூஜென்ட் மதிப்பெண்ணையும், சீழணுக்கள் எவ்வளவு என்பதையும், பூஞ்சை தெரிகிறதா என்பதையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன். ட்ரைக்கோமோனஸ் சந்தேகம் இருந்தால் மாதிரியை உடனே கொடுத்தனுப்புங்கள், முன்கூட்டி ஒரு போன் செய்தால் நுண்ணோக்கியைத் தயாராக வைத்திருப்பேன். சீட்டில் மூன்று விவரம் மட்டும் வேண்டும்: கடைசியாக எந்த ஆன்டிபயாடிக்கை எப்போது எடுத்தார், கருவுற்றிருக்கிறாரா, இதற்கு முன் இதே தொந்தரவு வந்திருக்கிறதா. வயதும் பெயரும் எப்படியும் எழுதுகிறீர்கள். பக்கத்தில் இந்த மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சிலைடுகளைப் பார்க்கும் ஆய்வகப் பணியாளர்